சக்கரத்தில் வனையப் பழகுவோர் கேட்கும் கேள்விகள்

மண்ணைச் சக்கரத்தில் ஏற்றி வனையத் தொடங்கும் எல்லோருக்கும் முதல் ஆறு மாதத்தில் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லாமல் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். வலக்கைப் பழக்கக்காரரை மனதில் வைத்து எழுதியது; இடக்கைக்காரர்கள் 3-ஆம் பதிலைப் பார்த்துவிட்டு மேலே படிக்கவும்.

1. மண்ணைத் தொட்டதே இல்லை. நேரா சக்கரத்துல உட்காரலாமா, இல்ல முதல்ல கையால செஞ்சு பழகணுமா?

நேராக உட்காரலாம். கையால் கிண்ணம் கிள்ளிச் செய்வதும் திரி சுற்றிச் செய்வதும் தனி வேலை. அதில் தேறியவருக்கும் சக்கரம் புதிதுதான். ஆனால் ஒரு வாரம் மண்ணைப் பிசைந்து, உருட்டி, அறுத்துப் பார்த்தவருக்கு மண் எப்போது இறுக்கம், எப்போது இளக்கம் என்பது கைக்குத் தெரிந்திருக்கும். சக்கரத்தில் படும் பாட்டில் பாதி அங்கேயே குறையும்.

2. எந்த மண் வாங்கணும்? எங்க ஊர் கண்மாய் மண்ணு ஆகாதா?

பழகுவதற்குக் கடையில் பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய மண் நல்லது. டெரகோட்டா எனப்படும் செம்மண் வகை 900 முதல் 1050 டிகிரி செல்சியஸுக்குள் சுடப்படும். ஸ்டோன்வேர் எனப்படும், சுட்டால் கல் போல இறுகும் வகை 1200-க்கு மேல் போகும். உங்களுக்குச் சுட்டுத் தரப்போகிறவரிடம் எந்தச் சூளை இருக்கிறதோ அதற்கேற்ற மண்ணை வாங்குங்கள். டெரகோட்டாவை ஸ்டோன்வேர் சூட்டில் வைத்தால் உருகி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கண்மாய் மண் கட்டாயம் ஆகும், குயவர்கள் காலங்காலமாக அதில்தான் வனைகிறார்கள். ஆனால் அதை அப்படியே பயன்படுத்துவதில்லை. காயவைத்து, உடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கரைத்து வடிகட்டி, மணல் கலந்து, மிதித்த பிறகே சக்கரத்துக்குப் போகும். வடிகட்டாமல் விட்டால் சிறுகல் விரலைக் கீறுவதோடு போகாது. மண்ணில் சுண்ணாம்புக்கல் துணுக்கு இருந்தால், சுட்டு எடுத்த சில நாள் கழித்து அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, பானையின் மேல்தோலைத் தெறிக்க வைக்கும். அந்த இடத்தில் சிறு குழியும் நடுவில் வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால் காரணம் அதுதான். இன்னொன்று, நீர்நிலையில் மண் எடுக்க அனுமதி வேண்டும். தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.

3. மின்சார வீல், கால் வீல், குயவர் சக்கரம்: எதுல ஆரம்பிக்கிறது?

கிடைப்பதில் ஆரம்பியுங்கள். மின்சார வீலில் வேகம் கால்மிதியில் இருக்கிறது. கவனம் முழுவதையும் கையில் வைக்கலாம், அதனால் பழக எளிது. குச்சியால் சுழற்றிவிடும் குயவர் சக்கரத்தில் ஓர் அழகான பொருத்தம் உண்டு. சுழற்றிவிட்டதும் வேகம் அதிகம், அப்போதுதான் மண்ணை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேகம் தானாகத் தணியும்போது சுவர் எழுப்பும் நேரம் வந்திருக்கும். ஆனால் அது நின்றுபோவதற்குள் முடிக்கும் கைவேகம் புதியவருக்கு இருக்காது.

சுழலும் திசை: வலக்கைக்காரருக்குச் சக்கரம் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவது வழக்கம். ஜப்பானில் வலஞ்சுழி. இடக்கைக்காரர்கள் திசை மாற்றும் சுவிட்சைத் திருப்பிவிட்டு, கீழே சொல்லும் இட வலம் அனைத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். இடஞ்சுழியிலேயே பழகிய இடக்கைக்காரர்களும் நிறைய உண்டு. எதுவானாலும் முதல் வாரத்தில் தீர்மானித்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

4. என்னென்ன கருவி வாங்கணும்?

முதலில் எதுவும் வாங்க வேண்டாம். அறுப்புக் கம்பிக்குத் தூண்டில் நரம்பு அரை மீட்டர், இரு முனையிலும் ஒரு பட்டன் கட்டினால் போதும். ஊசிக்குக் கூராக்கிய சைக்கிள் போக்ஸ் கம்பி. வழித்துச் சமன் செய்யப் பழைய ஏடிஎம் அட்டை. விளிம்பை வழவழப்பாக்க மெல்லிய பாலித்தீன் பையில் கிழித்த ஒரு கீற்று. ஒரு ஸ்பாஞ்ச், ஒரு வாளி, ஒரு துண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டியது அடி செதுக்கும் வளையக்கத்தி ஒன்றுதான், அதுவும் 15-ஆம் பதில் வரும்வரை தேவைப்படாது.

5. பாக்கெட்ல வர்ற மண் ரெடியாத்தானே இருக்கு, அதை ஏன் பிசையணும்?

பாக்கெட்டின் ஓரத்து மண் காய்ந்தும் நடுமண் ஈரமாகவும் இருக்கும். பிசையாமல் ஏற்றினால் சக்கரத்தில் இறுகிய பக்கம் கையைத் தள்ளும், இளகிய பக்கம் கைக்கு உள்வாங்கும். நீங்கள் மையம் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சப்பாத்தி மாவு போலப் பிசையக் கூடாது. மடித்து மடித்து அழுத்தினால் மடிப்புக்குள் காற்று புகும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, விரலால் கொஞ்சமாகத் தன் பக்கம் உருட்டி, மறுபடி தள்ள வேண்டும். 50 முதல் 80 முறை. பிறகு கம்பியால் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள்: ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் காற்று இருக்கிறது, இரண்டு நிறக் கோடுகள் தெரிந்தால் ஈரம் ஒன்றாகக் கலக்கவில்லை. பதம் சரியா என்று பார்க்கக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அதிக பலமில்லாமல் உள்ளே போக வேண்டும், குழியின் ஓரம் வெடிக்கக் கூடாது, விரலில் மண் அப்பிக்கொள்ளவும் கூடாது.

6. மண்ணு மையத்துக்கு வரவே மாட்டேங்குது. கை மண்ணோட சேர்ந்து ஆடுது. என்னதான் பண்றது?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் கேட்கப்படுவது இது. கை மண்ணோடு ஆடுகிறது என்றால் மண் உங்களை ஓட்டுகிறது என்று பொருள். கைக்குப் பலம் போதாததால் அப்படி ஆவதில்லை, முழங்கை அந்தரத்தில் இருப்பதால் ஆகிறது. இடது முழங்கையைத் தொடையிலோ இடுப்பெலும்பிலோ ஊன்றுங்கள். முன்கை ஒரு முட்டுக்கட்டை போல நிற்க வேண்டும். தோளையும் உடம்பையும் முன்னே சாய்த்துத் தள்ளுங்கள். மணிக்கட்டு வளையக் கூடாது.

முதலில் 500 கிராம் மண்ணைப் பந்தாக உருட்டி, ஏறக்குறைய உலர்ந்த சக்கரத் தட்டின் நடுவில் அறைந்து வையுங்கள். தட்டில் தண்ணீர் நின்றால் மண் வழுக்கிக்கொண்டு போய்விடும். உருண்டையின் அடியோரத்தை விரலால் சுற்றிலும் தட்டோடு அழுத்தி ஒட்டுங்கள். இப்போது மண்மேல் தண்ணீர், சக்கரத்துக்கு நல்ல வேகம். இடது உள்ளங்கையின் அடிப்பகுதி பக்கவாட்டிலிருந்து மையத்தை நோக்கித் தள்ளட்டும், வலது கையின் சுண்டுவிரல் பக்க ஓரம் மேலிருந்து அழுத்தட்டும். இரண்டு கையும் எங்காவது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தனித்தனிக் கை இரண்டு வேறு மையத்தைத் தேடும்.

பிறகு இரு உள்ளங்கையாலும் அடியிலிருந்து நெருக்கிக் கூம்பாக மேலே ஏற்றி, மறுபடி கீழே இறக்குங்கள். இரண்டு அல்லது மூன்று முறை போதும். இறக்கும்போது செங்குத்தாக அமுக்கினால் உச்சி காளான் குடை மாதிரி விரிந்து, அதற்கடியில் சேற்றுநீர் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டுக் கை குடையை விரியவிடாமல் அணைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் கையை வெடுக்கென்று எடுப்பவர்கள்தான் பாதிப்பேர். எடுக்கும் கணத்தில் சக்கரம் கால் சுற்று சுற்றியிருக்கும், அந்தப் பக்கம் மட்டும் அழுத்தம் விடுபட்டுப் புடைத்துவிடும். இரண்டு மூன்று சுற்று நேரம் எடுத்துக்கொண்டு, அழுத்தத்தைத் தளர்த்தித் தளர்த்தி விடுங்கள்.

7. மையத்துக்கு வந்துடுச்சுன்னு எப்படி உறுதியா சொல்றது?

கண்ணை நம்பாதீர்கள், ஈரப் பளபளப்பு ஏமாற்றும். கையை ஊன்றி, ஊசி முனையைச் சுழலும் மண்ணுக்கு அருகில் மெல்லக் கொண்டுபோங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கம் புடைத்திருக்கிறது. முழு வட்டமாக விழுந்தால் சரி. உச்சியில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல், தட்டை ஒட்டிய கடைசி ஒரு சென்டிமீட்டரிலும் பாருங்கள். மேலே அசையாமல், அடியில் ஆடும் மண்தான் பின்னால் 11-ஆம் கேள்வியைக் கேட்க வைக்கும்.

8. வேகம் எவ்வளவு வைக்கணும்?

மையம் பிடிக்க நிமிடத்துக்கு 200 முதல் 250 சுற்று, குழி திறக்க 120 முதல் 150, சுவர் எழுப்ப 80 முதல் 100, விரித்து வடிவம் கொடுக்க அதற்கும் கீழே. கருவியில் எண் காட்டாவிட்டால் தட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பத்து விநாடிக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஆறால் பெருக்குங்கள். 200-க்கு மேல் எண்ண முடியாது, எண்ண முடியாத வேகம்தான் அங்கே தேவை. புதியவர்கள் பயந்து மெதுவாக மையம் பிடிக்கிறார்கள், ஆர்வத்தில் வேகமாகச் சுவர் எழுப்புகிறார்கள். நேர் தலைகீழ்.

9. குழி திறக்கும்போது அடியை எவ்வளவு விடணும்? ஒண்ணு ஓட்டை விழுது, இல்ல செங்கல் மாதிரி கனமா வருது.

அடியைச் செதுக்கப் போவதில்லை என்றால் 8 மி.மீ., அடிவளையம் (பாத்திரம் ஊன்றி நிற்கும் வளையம்) செதுக்கப் போகிறீர்கள் என்றால் 12 மி.மீ. கட்டைவிரலை நடுவில் இறக்கியபின் சக்கரத்தை நிறுத்தி, ஊசியைத் தட்டு தட்டும்வரை குத்துங்கள். மண் மட்டத்தில் ஊசிமேல் விரலை வைத்துப் பிடித்தபடி வெளியே இழுத்தால், விரலுக்குக் கீழே இருக்கும் நீளம்தான் அடியின் தடிமன். ஓட்டை தானாக மூடிக்கொள்ளும்.

அடுத்து, நடுவிலிருந்து உங்கள் பக்கமாக இழுத்து அகலப்படுத்துங்கள். அகலம் வந்ததும் விரலாலோ அட்டையாலோ ஓரத்திலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து ஓரத்துக்குமாக நான்கைந்து முறை அடியை அழுத்தித் தேயுங்கள். அப்போது ஒன்றும் மாறியதாகத் தெரியாது. ஏன் தேய்த்தோம் என்பது பத்து நாள் கழித்து, 16-இல் தெரியும்.

10. சுவர் மேல ஏறவே மாட்டேங்குது. எவ்வளவு இழுத்தாலும் குட்டையாவே நிக்குது.

'இழுப்பது' என்ற சொல்லே இங்கே குழப்பம் செய்கிறது. மண்ணை மேல்நோக்கி இழுக்க முடியாது. உள்விரலுக்கும் வெளிவிரலுக்கும் நடுவில் நெருக்கினால் மண் நெருக்குதலுக்கு மேலே ஒரு மடிப்பாகப் புடைக்கும். அந்த மடிப்பை உச்சிவரை ஏற்றிக் கொண்டுபோவதுதான் வேலை. இடது கை விரல்கள் உள்ளே, வலது ஆட்காட்டி விரலின் மடித்த முட்டி வெளியே, முட்டி உள்விரலைவிட அரை விரற்கடை தாழ்வாக. இடது கட்டைவிரல் வலது கையைத் தொட்டுப் பாலமாக நிற்கட்டும்.

குட்டையாக நிற்பதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே: நெருக்குதல் தட்டை ஒட்டித் தொடங்காமல் இரண்டு சென்டிமீட்டர் மேலே தொடங்கியிருக்கும். மண் முழுக்க அடி முக்கில் தேங்கிக்கிடக்கும், இருக்கிற கொஞ்சம் மண்ணை மேலே மெலியவைத்துக்கொண்டிருப்பீர்கள். வெளிவிரலைத் தட்டில் வைத்து, முதலில் அங்கே ஒரு பள்ளம் விழச்செய்து, அந்தப் பள்ளத்தை ஏற்றுங்கள்.

ஏற்றும் வேகம் சுழலும் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. அளவு ஏறினால் போதும். நிமிடத்துக்கு 90 சுற்றில் 10 செ.மீ. உயரத்துக்கு எட்டு ஒன்பது விநாடி ஆகும். வாய்விட்டு எண்ணிப் பாருங்கள், எவ்வளவு மெதுவு என்று வியப்பாக இருக்கும். இதைவிட விரைந்தால் விரல் சுருள்வளையாகத் தடம் போட்டு, ஒரு பக்கம் தடிப்பும் மறுபக்கம் மெலிவுமாக விட்டுச்செல்லும். 500 கிராம் மண்ணில் 8 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள நேரான உருளை மூன்று ஏற்றத்தில் வர வேண்டும். ஏழெட்டு முறை ஏற்றினால் மண் தண்ணீர் குடித்துச் சோர்ந்துவிடும்.

வந்ததைப் பத்திரப்படுத்தாதீர்கள். முதல் முப்பது உருளையையும் சக்கரத்தின் மேலேயே கம்பியால் நெடுக்காக இரண்டாக அறுங்கள். வெட்டுமுகத்தில் சுவர் முழுக் கதையையும் சொல்லிவிடும்: அடி முக்கில் முக்கோணமாகத் தேங்கிய மண், நடுவில் விரல் தயங்கிய இடத்தில் ஒரு ஒடுக்கம், உச்சியில் காகிதம் போல மெலிந்த விளிம்பு. மேலிருந்து கீழ்வரை 5, 6 மி.மீ. ஒரே சீராக இருந்தால் அடுத்த வடிவத்துக்குப் போகலாம்.

11. விளிம்பு ஒரு பக்கம் உயரமா, ஒரு பக்கம் தாழ்வா வருது.

விளிம்பில் தெரியும் கோணல் விளிம்பில் பிறந்ததல்ல. மையம் சரியாகப் பிடிக்காதது, குழியை நடுவை விட்டுத் திறந்தது, 10-இல் சொன்னபடி விரைந்து ஏற்றியது ஆகிய மூன்றில் ஒன்று. இப்போதைக்கு ஊசியை வெளியிலிருந்து மெல்லச் செருகி, உள்விரலில் முனை தட்டுப்பட்டதும் ஒரு முழுச் சுற்று விட்டு, வளையமாக வெட்டி எடுத்துவிடலாம். வெட்டிய வளையம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நூலாகவும் இருக்கும். அந்த வித்தியாசம் உங்கள் மையப்பிழையின் அளவு. ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் விளிம்பை இரு விரலுக்கிடையில் அணைத்து, மூன்றாவது விரலால் மேலிருந்து மெல்ல அமுக்கும் பழக்கம் இருந்தால் சிறு கோணல் அவ்வப்போதே சரியாகும்.

12. நல்லா வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு மடங்கி உட்காந்துடும். ஏன்?

தண்ணீர். உள்ளே குளம் கட்டி நிற்கும் தண்ணீரை அடி உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அடி தளர்ந்தால் மேலே நிற்பது விழும். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் உள்ளே தேங்கியதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். விரலுக்கு வழுக்கல் வேண்டும், அதற்குத் தண்ணீருக்குப் பதில் கையில் வழியும் மண்குழம்பே போதும். தண்ணீர் காரணமில்லை என்றால், அடி முக்குக்குச் சற்று மேலே சுவர் ஒடுங்கியிருக்கும், அறுத்துப் பாருங்கள்.

13. சொம்பு செய்யலாம்னு உட்கார்ந்தா எல்லாமே கிண்ணமாத்தான் முடியுது.

சுழலும் மண்ணுக்கு வெளியே ஓடுவதுதான் இயல்பு. நீங்கள் நேராக ஏற்றினால் அது விரியும், சற்று உள்ளே சாய்த்து ஏற்றினால்தான் நேராக நிற்கும். ஒவ்வொரு ஏற்றமும் முடிந்ததும் இரு கையின் கட்டைவிரல், நடுவிரல்களால் வெளியிலிருந்து கழுத்தைப் பிடிப்பது போலச் சுற்றி அணைத்து, கீழிருந்து மேலாக ஒடுக்குங்கள். ஒடுக்கினால் சுவர் தடிக்கும், ஆகவே ஒடுக்கியபின் ஓர் ஏற்றம். ஒரேயடியாக ஒடுக்கினால் துணி போலச் சுருக்கம் விழும். சொம்பின் வயிற்றைக் கடைசியில்தான் உள்ளிருந்து தள்ள வேண்டும். அதுவரை அது உருளைதான்.

14. சக்கரத்துல இருந்து எடுக்கும்போது நெளிஞ்சு போகுது.

கையில் தூக்காதீர்கள். கழற்றக்கூடிய பலகையைத் தட்டின்மேல் ஒட்டி அதில் வனைந்தால் பலகையோடு எடுத்துவிடலாம். பலகை இல்லையென்றால், அடிமுக்கில் வழிந்த சேற்றை வழித்துவிட்டு, கம்பியைத் தட்டோடு அழுத்திப் பிடித்து அறுத்து, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இன்னொரு முறை அறுங்கள். பாத்திரம் வழுக்கிக்கொண்டு பக்கத்தில் பிடித்த ஈரப்பலகைக்கு நகரும். வாய் சற்று நீள்வட்டமானால் அப்போதே திருத்தப் போகாதீர்கள், தோல் பதம் (15-இல் பாருங்கள்) வந்ததும் மெல்ல அழுத்தினால் வட்டமாகும்.

15. அடியை எப்போ செதுக்குறது? சிலப்போ சேறா வருது, சிலப்போ தூளா வருது.

இரண்டுக்கும் நடுவில். தோல் பதம் என்பது செருப்புத் தோலின் விறைப்பு: நகம் பட்டால் தடம் விழும், அமுக்கினால் வளையாது, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். கத்தியில் நீண்ட சுருளாக மண் வந்தால் பதம் சரி. மே மாத வெயிலில் சில மணி நேரத்திலேயே பதம் தாண்டிவிடும். ஐப்பசி மழையில் மூன்று நான்கு நாள் காத்திருக்க நேரும். விளிம்பு முந்திக்கொண்டு காய்ந்தால் விளிம்பில் மட்டும் பாலித்தீன் சுற்றி வையுங்கள்.

பாத்திரத்தைக் கவிழ்த்து மையத்தில் வைத்து, மூன்று இடத்தில் மண் உருண்டையால் அணைகொடுங்கள். எவ்வளவு செதுக்குவது என்பதற்குக் காது உதவும்: அடியை விரலால் தட்டினால் தடித்த இடம் மொத்தென்று ஒலிக்கும், மெலிய மெலிய ஒலி உயர்ந்து முரசுத்தோல் போலாகும். அப்படி ஆகத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

16. காயும்போது அடியில 'எஸ்' எழுத்து மாதிரி வெடிப்பு விழுது. மெதுவாத்தானே காயவைக்கிறேன்?

வெடிப்பு காயும்போது தெரிகிறது, ஆனால் அது விழுந்தது வனையும்போது. ஏற்றத்தில் சுவரின் மண் துகள்கள் நெருக்கப்பட்டு வரிசையாகின்றன. அடியின் நடுவை யாரும் நெருக்குவதில்லை, போதாததற்குத் தண்ணீரும் அங்கேதான் தேங்குகிறது. அதனால் நடு அதிகம் சுருங்குகிறது, இழுபட்டுப் பிளக்கிறது. சக்கரத்தின் முறுக்கால் பிளவு 'எஸ்' வடிவம் எடுக்கிறது. மருந்து 9-இல் சொன்ன தேய்ப்பும் 12-இல் சொன்ன ஒற்றலும்தான். பெரிய குவியலின் உச்சியிலிருந்து அகல் விளக்கு, சிறு கோப்பை என்று ஒன்றன்பின் ஒன்றாக வனைந்து அறுத்தெடுக்கும் முறையில் இது இன்னும் அதிகம் வரும், அங்கே அடிக்குக் கீழே அழுத்தம் தாங்கத் தட்டு இல்லை.

விளிம்பிலிருந்து கீழிறங்கும் வெடிப்பு வேறு. அது காற்று ஒரு பக்கம் அடித்து, சீரில்லாமல் காய்ந்ததால் வருவது. மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். முதல் நாள் பாலித்தீன் மூடி, விளிம்பு விறைத்ததும் கவிழ்த்து வைத்தால் அடியும் விளிம்பும் சேர்ந்து காயும்.

17. சூளையில வெடிச்சுடுச்சு. காற்றுக் குமிழ் இருந்ததாலயா?

காற்றின்மேல் பழி போடுவது வழக்கம். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். 100 டிகிரியைத் தாண்டும்போது சுவருக்குள் மிஞ்சிய தண்ணீர் ஆவியாகிப் பல மடங்கு பருக்கிறது, வெளியேற நேரமில்லாவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டு வருகிறது. தடித்த அடிதான் முதலில் தெறிக்கும், கடைசியில் காய்வது அதுதானே. குமிழுள்ள பானையும் நன்றாகக் காய்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆகவே கன்னத்தில் வைத்தால் சில்லிப்பு துளியும் இல்லாதவரை சூளைக்கு அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் சூளையை 80, 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று உருமாறி அளவு கூடும். ஆறும்போது அதே இடத்தில் குறையும். அந்த வட்டாரத்தில் அவசரப்பட்டால், முக்கியமாகச் சூளையைச் சீக்கிரம் திறந்தால், மயிரிழை விரிசல் விழும்.

18. சூளை இல்ல. வீட்டு அவன்ல சுட முடியாதா?

முடியாது. அடுக்களை அவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். மண் திரும்பக் கரையாத பொருளாக மாற 600-ஐத் தாண்ட வேண்டும், உறுதிக்கு 900-ஐ ஒட்டிப் போக வேண்டும். விறகும் வைக்கோலும் போட்டு மண்பூசி மூடும் ஊர்ச்சூளைகூட 700 முதல் 900 வரை போகிறது. பக்கத்தில் உள்ள மண்பாண்டக்கூடத்தில் கேளுங்கள், பலர் கன அளவுக்கோ எடைக்கோ கூலி வாங்கிக்கொண்டு சுட்டுத் தருகிறார்கள். எடுத்துப்போகும்போது காரிலோ பைக்கிலோ குலுங்கி உடைவதுதான் அதிகம். காய்ந்த பச்சைப்பாண்டம் அப்பளத்தைவிட நொறுங்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

19. சுட்டதுல தண்ணி ஊத்தினா கசியுது. சாப்பிடலாமா?

டெரகோட்டாவில் கசியத்தான் செய்யும். மேலே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்வதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. க்ளேஸ் (சுட்டதும் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு) பூசாத மண்சட்டியில் சமைக்கலாம், கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கினால் நுண்துளைகள் ஓரளவு அடையும். க்ளேஸ் பூசினால் உணவுக்கேற்றது என்று குறிப்பிட்டதை மட்டும் வாங்கி, அதற்குச் சொன்ன வெப்பத்தில் முழுதாகச் சுடுங்கள். ஈயம் கலந்தது, என்னவென்று தெரியாதது எதுவும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வேண்டாம். அடியிலும் அடியிலிருந்து 3 மி.மீ. உயரத்துக்கும் க்ளேஸைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் சூளைத்தட்டோடு ஒட்டும்.

20. பத்து சென்டிமீட்டர் வனைஞ்சா ஒன்பதுக்கும் கீழ வருது. கணக்கு எப்படி?

காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். ஸ்டோன்வேரில் மொத்தம் 10 முதல் 13 சதவீதம் வழக்கம், டெரகோட்டாவில் பெரும்பாலும் குறைவு. உங்கள் மண்ணுக்கு நீங்களே அளந்துகொள்ளலாம்: பட்டையாகத் தட்டி, ஈரத்தில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, சுட்டபின் அளவுகோலை வையுங்கள். 8.8 வந்தால் சுருக்கம் 12 சதவீதம். வேண்டிய அளவை 0.88-ஆல் வகுத்தால் வனைய வேண்டிய அளவு. 10 செ.மீ. வாய் வேண்டுமென்றால் 11.4 வனையுங்கள். பலர் 12 சதவீதத்தைக் கூட்டி 11.2 என்று போட்டுவிடுகிறார்கள்; மூடி உட்காராமல் போவது இந்த 2 மி.மீட்டரில்தான்.

21. மீந்த மண்ணையும் சேறையும் என்ன பண்றது?

எதையும் எறிய வேண்டாம், வடிகாலிலும் ஊற்ற வேண்டாம். குழாய்க்குள் படிந்து இறுகிவிடும். உடைந்த துண்டுகளை முழுக்கக் காயவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். சருகாகக் காய்ந்தது அரை மணியில் பொலபொலவென்று உதிரும், அரை ஈரத்தில் போட்டால் கட்டியாகவே கிடக்கும். மேல்நீரை இறுத்துவிட்டு, குழம்பைப் பருத்தித் துணி விரித்த செங்கல்மேலோ பிளாஸ்டர் பலகைமேலோ பரப்பிவிட்டால் நீர் இழுத்துக்கொள்ளும். பிறகு 5-ஆம் பதில்.

காய்ந்த தூசியை விளக்குமாறால் பெருக்கக் கூடாது. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. ஈரத்துணியால் துடையுங்கள், ஏப்ரனையும் உதறாமல் நனைத்துத் துவையுங்கள்.

22. மானாமதுரைப் பக்கம் பானையை அடி மூடாம வனைஞ்சு, அப்புறம் தட்டித் தட்டி மூடுறாங்க. நமக்கு ஏன் அதைச் சொல்லித் தர்றதில்ல?

சொல்லித்தர மூன்று மாதம் போதாது என்பதால். அங்கே சக்கரத்தில் வாயும் கழுத்தும் தோளும் மட்டுமே முடிவான வடிவம் பெறுகின்றன, கீழ்ப்பகுதி வேண்டுமென்றே தடிப்பாக விடப்படுகிறது. அறுத்தெடுத்து, சற்று இறுகியதும், உள்ளே உருண்டைக் கல்லை அணைகொடுத்து வெளியே தட்டுப்பலகையால் அடிக்கிறார்கள். ஒட்டாமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வதுண்டு. ஒவ்வோர் அடியிலும் சுவர் மெலிந்து விரிந்து, கடைசியில் அடி உருண்டையாக மூடுகிறது. உருண்டை அடியில் முக்கு இல்லை, தடிமன் எங்கும் ஒன்று, அதனால் நேர்நெருப்பில் எளிதில் வெடிப்பதில்லை. 16-இல் சொன்ன 'எஸ்' வெடிப்புக்கும் அங்கே இடமில்லை, அடி முழுவதும் நெருக்கப்பட்டுவிடுகிறதே. கடத்தின் கணீர் ஒலிக்கும் இந்தத் தட்டல் வேண்டும். ஆர்வமிருந்தால் 2 கிலோ உருளை சீராக வரும் நிலைக்கு வந்தபிறகு ஒரு குயவரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், முக்கியமாக உள்ளே கல் பிடித்திருக்கும் கையை.

23. மணிக்கட்டு வலிக்குது, முதுகு பிடிச்சுக்குது.

மணிக்கட்டு வலித்தால் 6-இல் சொன்னபடி முழங்கை ஊன்றவில்லை, அல்லது மண் உங்கள் கைக்கு இறுக்கம். முதுகுக்கு: இருக்கை சக்கரத் தட்டின் உயரத்துக்கு இருக்கட்டும் அல்லது சற்றுத் தாழ்வாக, இருக்கையின் பின்கால்களுக்கு அடியில் ஒரு பலகைச் சில்லு வைத்து முன்னே சாய்வு கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடராதீர்கள். மோதிரம், நீண்ட நகம், தொங்கும் துப்பட்டா மூன்றும் வேண்டாம்.

24. ஒரே அளவுல ஆறு டம்ளர் கேட்கிறாங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வரவே இல்லையே?

எடையில் தொடங்குங்கள். ஒவ்வோர் உருண்டையையும் தராசில் வைத்து 5 கிராம் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் ஒரே பிசைதலிலிருந்து அறுங்கள். முதல் டம்ளர் திருப்தியாக வந்ததும், அதை எடுப்பதற்குமுன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்கட்டியில் விளக்குமாற்றுக் குச்சியைச் செருகி, குச்சி முனை விளிம்பைத் தொடாமல் ஒரு நூலிடை விலகி நிற்கும்படி வையுங்கள். உயரமும் வாயகலமும் அந்த ஒரு புள்ளியில் அடங்கிவிடும். குச்சியைத் தொடுமாறு வைத்தால் அடுத்த டம்ளரின் விளிம்பைக் கீறிவிடும்.

அடியின் தடிமனை ஒவ்வொன்றிலும் ஊசி போட்டுப் பாருங்கள். ஒன்றில் அடி 2 மி.மீ. தடித்தால் அந்த மண் சுவருக்குக் கிடைக்காமல் உயரம் குறையும், எடை சரியாக இருந்தும் ஏன் குட்டையானது என்று விளங்காது. ஆறு கேட்டால் ஒன்பது வனையுங்கள். ஒன்று செதுக்கும்போது போகும், ஒன்று சூளையில் போகும், மிஞ்சிய ஏழில் மற்றவற்றோடு சேராத ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.